விசுவாசம் மருந்துக்குப் பகையா?



வீட்டில் ஒருவருக்கு மூளைப் புற்றுநோய் என்று தெரிந்ததும் அறிவுரையாளர்கள் இருவர் வந்து சேர்கின்றனர். "கர்த்தரை நம்புகிறவனுக்குக் கீமோதெரபி எதற்கு?" என்கிறார் ஒருவர். "இத்தனை மருத்துவம் இருக்கையில் செபம் எதற்கு?" என்று நகைக்கிறார் மற்றவர். தத்தளிப்பவன் இரு கைகளாலும் கரையைப் பற்றியிருக்க, ஆளுக்கொரு கையை விடச் சொல்கின்றனர் இவர்கள். இவர்களுள் முன்னவரால் உயிரே போகும் என்பதால் அவருக்கே முதலில் மறுமொழி கூறுகிறேன்.

ஐயா, உம் கையிலுள்ள வேதநூலையே சற்றுத் திருப்பிப் பாரும். மரணப் படுக்கையில் எசேக்கியா அரசன் அழுது மன்றாடினான், மன்றாட்டும் கேட்கப்பட்டது. ஆயினும் அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் வைத்துக் கட்டச் சொன்னார் ஏசாயா. நல்ல சமாரியன் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயம் கட்டினான். சத்திரத்துச் செலவையும் ஏற்றான். பவுலின் அன்புத் தோழர் லூக்கா ஒரு மருத்துவர். அந்தப் பவுலோ தம் உடலில் தைத்த முள் நீங்க மும்முறை வேண்டியும் அது நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லும் துணிவு உமக்கு உண்டா?

வரலாறும் உமக்குச் சான்று பகரவில்லை. 1847இல் இலங்கைக்கு வந்த மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் தொடங்கிய சிறு மருத்துவப்பணி, பின்னாளில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கேதான் 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையை நிறுவினார். செபம் மட்டுமே போதும் என்று இவர்கள் கருதியிருந்தால், மூளைக் கட்டியை அகற்றும் கத்தி அந்த மண்ணில் எவர் கையில் இருந்திருக்கும்?

அமெரிக்கப் பேஸ்பால் வீரர் கேரி கார்ட்டர் தம் கிறித்துவ நம்பிக்கையை ஒளிவு மறைவின்றி அறிவித்தவர். 2011 மே மாதம் அவருக்குக் கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சிகிச்சையையும் ஏற்றார், இறைவனையும் பற்றிக்கொண்டார். தாம் பயிற்றுவித்த பல்கலைக்கழக அணியின் ஆட்டத்தை 2012 பிப்ரவரித் தொடக்கத்தில் நேரில் சென்று கண்டார். அம்மாதம் 16ஆம் நாள், 57 வயதில், மறைந்தார். 'நம்பினால் நலம் பெறுவாய்' என்னும் வாய்ப்பாட்டின்படி அவர் நம்பாதவர் ஆகிவிடுவார். நோயாளியின் தலையில் நோயோடு குற்றத்தையும் சுமத்தும் இக்கொடுமைக்கு விசுவாசம் என்று பெயரிடாதீர்கள்.

இனி, நகைப்பவருக்கு ஒரு சொல். கிளியோபிளாஸ்டோமாவைப் பற்றி 2005இல் ஓர் ஆய்வு வெளியானது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 10 விழுக்காட்டினரும், டெமோசோலமைடு மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 26 விழுக்காட்டினரும் இரண்டாண்டு கடந்து வாழ்ந்தனர். இது பெரிய முன்னேற்றமே. எனினும், எஞ்சியோர்க்கு உம் அறிவியல் தரும் ஆறுதல் என்ன? கிடைத்த மாதங்களை அச்சமின்றி வாழ்வது எப்படி என்று மாத்திரைச் சீட்டில் எழுதியிருப்பதில்லை. அதற்கு விடை தேடிச் செபிப்பவரை மூடர் என்பது பகுத்தறிவு அன்று, ஈரமின்மை.

ஆசிரியர்களே, இஃது ஏதோ தேவாலயத்துச் சிக்கல் என்று ஒதுங்கிவிடாதீர்கள். மூளைக்கட்டி பிள்ளைகளுக்கும் வருகிறது. காலையில் தலைவலியோடு வாந்தி, நடையில் தள்ளாட்டம், பார்வை இரட்டித்தல், திடீரென்று சிதையும் கையெழுத்து ஆகியவற்றை முதலில் காணும் வாய்ப்பு நமக்கே உண்டு. "சோம்பேறி" என்று முத்திரை குத்தாமல் பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். மெடுல்லோபிளாஸ்டோமா என்பது பிள்ளைகளைத் தாக்கும் மூளைப் புற்றுநோய்களில் முதன்மையானது. நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் முறையாகச் சிகிச்சை பெறும் பத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ எழுவர் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர். அத்தகைய பிள்ளையைச் செபக்கூட்டத்தை மட்டும் நம்பி வீட்டில் வைத்திருப்பது விசுவாசமாகாது. அந்த எழுவரில் ஒருவராகும் வாய்ப்பைப் பறிப்பதாகும்.

சிகிச்சை முடிந்து திரும்பும் பிள்ளைக்கு நினைவாற்றல் குன்றலாம். எழுதும் வேகம் குறையலாம். கதிர்வீச்சின் பின்விளைவு அது. முன்வரிசையில் இடமும் தேர்வில் கூடுதல் நேரமும் கேட்டுப் பெற்றுத் தருவது நம் கடமை.

பெற்றோர்களே, செபியுங்கள், யாரும் தடுக்கவில்லை. மருத்துவர் குறித்த நாளில் பிள்ளையை மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லுங்கள். போகும் வழியெல்லாம் செபிக்கலாமே! கேட்கும் கடவுளுக்கு மருத்துவமனை வாசல் தூரமா என்ன?