‘நலம்’ என்கிறது வன்தட்டு

பழைய சிற்றிதழ்களைத் தேடிப்பிடித்து ஸ்கேன் செய்து சேமித்துவைக்கும் நண்பர்கள் சிலர் நம்மிடையே உண்டு. ஒரு பல்கலைக்கழகம் செய்திருக்கவேண்டிய வேலையைத் தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்டு செய்து முடிப்பவர்கள். அண்மையில் அவர்களுள் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய பத்தாண்டுச் சேகரிப்பு முழுவதும் ஒரே ஒரு வன்தட்டில், அதாவது ஹார்ட் டிஸ்கில், இருப்பது தெரியவந்தது. வேறு பிரதி இல்லையா என்று கேட்டேன். “மாதம் தவறாமல் சோதித்துப் பார்த்துவிடுகிறேன். நலம் என்று பச்சையில்தான் காட்டுகிறது” என்றார். எனக்குத் திக்கென்றது.

அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது? வன்தட்டு தன்னைத் தானே கவனித்துக் குறிப்பெழுதிக்கொள்ளும் ஏற்பாட்டை 1990களின் முற்பாதியில் ஐபிஎம், காம்பாக் போன்ற நிறுவனங்கள் கொண்டுவந்தன. அதுவே பின்னர் ‘ஸ்மார்ட்’ என்ற பொதுத்தரமாயிற்று. எத்தனை மணிநேரம் ஓடியது, எத்தனை இடங்கள் பழுதுபட்டன, அவற்றுக்கு எத்தனை மாற்றிடங்கள் ஒதுக்கப்பட்டன என்றெல்லாம் வட்டு ஒரு பேரேடு பராமரிக்கிறது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருட்கள் அந்தப் பேரேட்டை வாசித்துச் சொல்கின்றன, அவ்வளவே. எந்த எண்ணிக்கையைத் தாண்டினால் வட்டு தேறவில்லை என்று கொள்வது என்பதற்கான அடிப்படை வரம்பை நிர்ணயிப்பவரும் அதைத் தயாரித்தவர்தான். விடைத்தாளை எழுதியவரே திருத்தி, தேர்ச்சி மதிப்பெண்ணை அவர் வீட்டாரே தீர்மானிப்பது போன்ற காரியம்.

2007இல் கூகுள் ஆய்வாளர்கள் மூவர், தம் நிறுவனத்தில் இயங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைக் கவனித்து ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். செத்துப்போன வட்டுகளில் 56 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. வெப்பநிலை நீங்கலாக எல்லா அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தாலும், 36 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை ஒரு முனகலும் இன்றிப் போய்ச் சேர்ந்திருந்தன. 2016இல் பேக்பிளேஸ் நிறுவனம் தன் சேமிப்பகக் கணக்கை வெளியிட்டபோதும், பழுதானவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்று, அவர்கள் நம்பும் ஐந்து அளவுகளில் எதிலும் எச்சரிக்கை தராமலே நின்றிருந்தது.

ஆகவே சோதனை வீண் என்று சொல்ல வரவில்லை. நேர்மாறாக, வட்டு ‘நோய்’ என்று சொன்னால் உடனே நம்பவேண்டும். அதே கூகுள் ஆய்வில், மேற்பரப்பை வாசித்துப் பார்க்கையில் முதல் பிழை கண்ட வட்டுகள் அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையில்லாதவற்றைவிட 39 மடங்கு அதிகமாக இருந்தது. வண்ணத்தை விட்டுவிட்டு எண்களைப் படிக்கவேண்டும் என்பதே என் கட்சி. 5, 197, 198 என்ற மூன்று வரிகளில் கச்சா மதிப்பு பூச்சியமாக இருக்கிறதா என்று பாருங்கள். (சில மென்பொருட்கள் இவற்றைப் பதினாறடிமான முறையில் 05, சி5, சி6 என்று காட்டி நம்மை மிரட்டும்.) 197இல் எண் ஏறினால் அன்றே நகலெடுக்கத் தொடங்குவது நல்லது. 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கம்பியில்தான் கோளாறு, மாற்றினால் தீரும். யுஎஸ்பி பெட்டிகள் பல இந்தப் பேரேட்டை வெளியே விடுவதே இல்லை என்பது தனிக் கதை. நீண்ட சுயசோதனை என்ற ஒன்றும் உண்டு. வட்டு முழுவதையும் அது வாசித்துப் பார்க்கும். பெரிய வட்டுகளில் பல மணிநேரம் பிடிக்கும், ஆனாலும் பொறுமைக்குப் பலன் உண்டு.

எஸ்எஸ்டிக்கு மாறிவிட்டேன், கவலையில்லை என்பவர்களுக்கு: அதற்கு ஓசையும் கிடையாது, உரசலும் கிடையாது, போகும்போது பெரும்பாலும் சொல்லாமல் போகும். தேய்ந்த எஸ்எஸ்டியை மின்சாரமின்றி அலமாரியில் ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்தால் எழுதியது மெல்லக் கசிந்துவிடவும் கூடும்.

இன்னொன்று. ஸ்மார்ட் வட்டின் உடல்நிலையைத்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் இதழின் நாற்பதாம் பக்கம் சரியாக இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. நகலெடுக்கும்போதே கோப்பு சிதைந்திருந்தால் வட்டு அந்தச் சிதைவைப் பத்திரமாகப் பாதுகாக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பெண் ஒன்றைக் கணித்து எழுதிவைத்து ஆண்டுக்கொருமுறை ஒப்பிடுவதுதான் இதற்கு வழி.

சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தவர். ஏடுகள் தொட்டவுடன் உதிர்ந்து ஒடியும் நிலையை அவர் தம் பதிப்புரையில் எழுதியிருக்கிறார். ஓலையின் நோய் கண்ணுக்குத் தெரியும். உதிரும் ஓலையைப் பார்த்தவர் பிரதி செய்தார், அல்லது செய்யாமல் விட்டார். தெரியாது என்று சொல்ல அவருக்கு வழியில்லை. நமக்கோ உதிர்வதே தெரியாத ஓலை வாய்த்திருக்கிறது. அதன்மேல் ஒரு பச்சை விளக்கு வேறு.

இரண்டாவது வன்தட்டுக்குச் செலவாகுமே என்பார்கள். உண்மைதான். ஆனால் நான் பார்த்தவரை தடை பணமன்று. பிரதி இன்னொருவர் கைக்குப் போனால் நாளை அவர் இணையத்தில் ஏற்றிவிடுவார், தேடி அலைந்தவன் பெயர் மறைந்துவிடும் என்ற அச்சம். நியாயமான அச்சம்தான், அப்படி நடந்தும் இருக்கிறது. பெயர் போனால் சண்டை போட்டாவது மீட்கலாம். உலகில் மிஞ்சிய ஒரே இதழின் ஒரே ஸ்கேன் போனால் யாரிடம் சண்டை போடுவது?

இதையெல்லாம் நண்பரிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். இரண்டாவது வட்டு வாங்கச் சம்மதித்துவிட்டார். அதை வேறோர் ஊரில் வேறொருவர் வீட்டில் வைப்பதற்கு மட்டும் இன்னும் மனம் வரவில்லை. இரண்டும் இப்போதைக்கு ஒரே பீரோவில் இருக்கப்போகின்றன.