வானின் பருமனும் வீட்டின் கடனும்

பெற்றோல் நிலையங்களிலும் உணவகச் சமையலறைகளிலும் பல ஆண்டுகள் பிறருக்கு உழைத்துக் களைத்த எம்மவர் சிலர், கம்பளம் கழுவும் சுயதொழிலில் இறங்கியுள்ளனர். இது வரவேற்கத்தக்கதே. ஆனால், ஒரு வாடிக்கையாளரேனும் கிடைக்குமுன்னரே சீட்டைக் கூறி எடுத்து, மனைவியின் நகைகளை அடகு வைத்து, உயர்ந்த கூரையுடைய பெரிய வான் ஒன்றை வாசலில் கொண்டுவந்து நிறுத்தும் போக்கை எம்மால் வரவேற்க இயலவில்லை.

இலண்டனில் வாழும் எமது உறவினர் ஒருவர் இவ்வாறுதான் தொடங்கினார். வானுக்குள்ளேயே பொருத்தப்பட்ட இயந்திரம், 400 லீற்றர் நீர்த்தாங்கி, பக்கவாட்டில் பெரிய எழுத்தில் பெயர். கோவிலில் அர்ச்சனையும் செய்தார். முதல் அழைப்பு ஓர் அடுக்குமாடியின் ஏழாவது மாடியிலிருந்து வந்தது. வான் அக்கட்டடத்தின் தரிப்பிடத்துக்குள் நுழையவில்லை, கூரை இடித்தது. தெருவில் நிறுத்தினாலோ குழாய் ஏழாம் மாடிக்கு எட்டாது. குழாய் நீள நீள உறிஞ்சும் விசையும் குறையும். வந்த வழியே திரும்பினார். மாதத் தவணை மட்டும் திரும்பிப் போகவில்லை.

எம்மவர் முதலில் பெறும் வேலைகள் பெரும்பாலும் எம்மவர் வீடுகளிலும் சிறு வாடகை வீடுகளிலுமே கிடைக்கின்றன. மின்தூக்கியில் ஏறவும் மாடிப்படியில் தூக்கவும் கூடிய சக்கரம் பூட்டிய இயந்திரமே அங்கு உதவும். அது வாடிக்கையாளரின் குழாய்நீரையே பயன்படுத்துவதால் நீரைச் சுமந்து திரிய வேண்டியதில்லை. வானில் பொருத்திய இயந்திரம் கூடிய வெப்பத்துடன் நீரைச் செலுத்தி, வலுவாக உறிஞ்சி, கம்பளத்தை விரைவில் உலரச் செய்யும் என்பதை மறுப்பதற்கில்லை. மண்டபம், உணவகம் போன்ற பெரிய ஒப்பந்தங்கள் கைக்கு வந்தபின் அதனை வாங்கலாம். ஒப்பந்தம் வருமென நம்பி வாங்குவது வேறு.

சிறிய வானை வாங்கி அதற்குள் பெரிய இயந்திரத்தைத் திணிப்போரும் உளர். இது இன்னும் மோசம். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ. பேர்லிங்கோ, கங்கூ போன்ற சிறிய வான்கள் வகையைப் பொறுத்து ஏறத்தாழ 600 முதல் 900 கிலோ வரையே சுமக்கக் கூடியவை. 650 கிலோ சுமக்கும் வானொன்றில் இருவர் ஏறினால் 150, இயந்திரம் 250, நீர் 300 என்று வைத்தாலே 700 கிலோ ஆகிவிடும். குழாய்களும் மருந்துக் கலன்களும் இன்னும் ஏற்றப்படவில்லை! அளவுக்கு மீறிய சுமையோடு பிடிபட்டால் சாரதிக்கு 300 பவுண் வரை தண்டம் விழலாம். மிகை பெரிதாயின் நீதிமன்றம் செல்ல நேரும். தண்டத்தை விடுவோம். சடுதியாக வேகத்தடையை அழுத்தும்போது பின்னால் குமுறும் முந்நூறு லீற்றர் நீர் யார் சொல்லையும் கேளாது. வாகனத்தின் தகட்டில் அதன் உச்ச எடை பொறிக்கப்பட்டிருக்கும். தளபாடங்களை ஏற்றிய பின் வானை ஒருமுறை பொதுத் தராசில் நிறுத்துப் பார்ப்பது நன்று.

மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய டீசல் வானை வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. யூலெஸ் எனப்படும் மாசுக் கட்டண வலயம் 2023 ஒகஸ்ட் 29 முதல் இலண்டனின் எல்லா உள்ளூராட்சிப் பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. டீசல் வான் யூரோ 6 தரத்தையும், பெற்றோல் வான் யூரோ 4 தரத்தையும் எட்டாவிடில், ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண். மாதம் 25 நாட்கள் ஓடினால் 312.50 பவுண்! விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாது, வாகன இலக்கத்தை இலண்டன் போக்குவரத்துத் துறையின் இணையப் பக்கத்தில் இட்டுப் பார்த்த பின்னரே முற்பணம் கொடுக்க வேண்டும்.

இயந்திரத்தைத் தெரிவு செய்கையில் மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். பிரித்தானிய வீட்டுச் செருகி 13 அம்பியர் தாங்கும். அதாவது ஏறத்தாழ 3,000 வாற்று. நீர் சூடாக்கியும் உறிஞ்சியும் சேர்ந்து இதனைத் தாண்டுவதாலேயே பல இயந்திரங்கள் இரண்டு மின்கம்பிகளுடன் வருகின்றன. அவற்றை வெவ்வேறு மின்சுற்றுகளில் செருக வேண்டும். ஒரே அறையின் இரு துளைகளில் செருகினால் அச்சுற்றில் மின்சாரம் துண்டிக்கப்படக் கூடும். நீர் சூடாக்கி இல்லாத இயந்திரத்தை வாங்கி, வீட்டுக் குழாயின் சுடுநீரை ஊற்றித் தொடங்கினாலும் குறைவில்லை. பனிக்கால இரவுகளில் இயந்திரத்தை வானில் விடலாகாது; உள்ளே எஞ்சிய நீர் உறைந்து பம்பியைப் பிளந்துவிடும். கள்வர் பயமும் உண்டு. சிறிய இயந்திரமெனில் வீட்டுக்குள் உருட்டி வந்துவிடலாம்.

உறிஞ்சிய அழுக்கு நீரைத் தெருவோர மழைநீர் வடிகாலில் ஊற்றுவதும் தவறு. அது ஆற்றுக்கே போய்ச் சேரும். வீட்டு மலசலகூடத்திலேயே ஊற்ற வேண்டும்.

கம்பளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்நாட்டில் எண்பது வீதம் கம்பளியும் இருபது வீதம் நைலோனும் கலந்த விரிப்புகள் பல வீடுகளில் உள்ளன. காரம் மிகுந்த மலிவு மருந்து கம்பளியைக் கெடுக்கும். நீர் மிகுந்தால் சுருங்கவும் பழுப்பேறவும் கூடும். அவ்வாறு ஒருநாள் பழுதானால் இழப்பீடு யார் கொடுப்பது? சாதாரணப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி, நாம் வேலை செய்துகொண்டிருக்கும் பொருளுக்கு நேரும் சேதத்தைப் பெரும்பாலும் உள்ளடக்காது. அதற்குத் தனிப்பிரிவு சேர்க்க வேண்டும். அப்பிரிவு உண்டா என்று முகவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.