தவிடும் புழுங்கலரிசியும்



குறும்பு செய்யும் பிள்ளையை, "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று பெரியவர்கள் கேலி செய்வது நம் வழக்கம். மதிப்பில்லாத பொருளைக் கொடுத்துப் பெற்ற பிள்ளை என்று பொருள். அந்தத் தவிட்டில் உயிர்காக்கும் சத்தொன்று இருப்பதை உலகுக்கு உணர்த்திய ஆய்வுகளுள் சில நம் மலாயா மண்ணிலேயே நடந்தவை. நம் வகுப்பறைகளில் இதைப் பேசுவோர் அரிதாகவே உள்ளனர்.

பெரிபெரி என்பது கால்களைத் தளரச் செய்து, இதயத்தைத் தாக்கிக் கொல்லும் நோய். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குள்ள ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் எண்ணற்றோர் இதற்குப் பலியாயினர். இயந்திரத்தில் தீட்டிய வெள்ளை அரிசியை உண்ட சீனத் தொழிலாளர்களை இந்நோய் வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களையோ அரிதாகவே அண்டியது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இந்த வேறுபாட்டைக் கவனித்து, 1907இல் நூலாக வெளியிட்டார். வெள்ளை அரிசியில் நஞ்சு சேர்கிறது என்று அவர் கருதினார். அவர் கூறிய காரணம் பிழையானது. ஆனால் அவருடைய கவனிப்பு மிகச் சரியானது.

1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் பிளெட்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். வெள்ளை அரிசி உண்டவர்களுள் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். தம் சோற்றுத் தட்டே ஆய்வுக்களமாகிவிட்டதை அறிந்து ஒப்புதல் தரும் நிலையில் அந்த நோயாளிகள் இல்லை. இந்த வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் அதனையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. பின்னர், கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் சாலை அமைத்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே ஒப்பீட்டைச் செய்தனர். முடிவு மாறவில்லை. அரிசியைத் தீட்டும்போது நீங்கும் மேலுறையில்தான் காக்கும் பொருள் உள்ளது என்பதை அவர்கள் தொடர்ந்த ஆய்வுகளால் நிறுவினர். தயமின் எனும் பி1 உயிர்ச்சத்தே அது.

புழுக்குதல் என்பது நெல்லை உமியோடு ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்தும் முறை. அப்போது தவிட்டிலுள்ள நீரில் கரையும் சத்துகளில் ஒரு பகுதி அரிசியின் உட்புறம் சென்று படிகிறது. பிறகு தீட்டினாலும் அது முற்றிலும் போய்விடுவதில்லை. மேலும், அவிந்த மாச்சத்து இறுகி மணி உறுதிப்படுவதால், அரைவையில் நொய்யாக உடைவதும் குறைகிறது. ஒரே பக்குவத்தில் சத்தும் மிஞ்சுகிறது, சேதமும் குறைகிறது! ஆய்வுக்கூடம் அறியாத நம் முன்னோர் இதனைக் கைப்பழக்கமாகவே செய்து வந்தனர்.

ஆனால் 'பாட்டி சொன்னதே அறிவியல்' என்று மார்தட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. பழைய முறையில் நெல்லை இரண்டு மூன்று நாள் குளிர்நீரில் ஊறவைத்ததால் அரிசியில் நாற்றம் ஏறியது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் வெந்நீரில் ஊறவைக்கும் முறையை உருவாக்கி, நாள்கணக்கை மணிக்கணக்காகச் சுருக்கியது; நாற்றமும் நீங்கியது. மரபறிவை ஆய்வு இவ்வாறு செம்மைப்படுத்த வேண்டும்.

தவிட்டின் நிலை என்ன? நூறு கிலோ நெல்லில் ஏறத்தாழ எட்டு முதல் பத்துக் கிலோ தவிடு. அதில் எண்ணெயும் புரதமும் நார்ச்சத்தும் உண்டு. எனினும், தீட்டியவுடன் அதிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குவதால் விரைவில் சிக்கு வாடை வீசும். எனவேதான் அது பெரும்பாலும் கால்நடைத் தீவனமாகிறது. உடனே சூடேற்றினால் நொதி செயலிழக்கும். தவிடு மனிதர் உண்ணத்தக்கதாகும். இதற்கான தொழில்நுட்பம் பல்லாண்டுகளாகவே உள்ளது. சிறு ஆலைகளில் அதற்கான கருவிகளை அமைப்பதுதான் பொருட்செலவுமிக்க வேலை.

இன்று நம் பிள்ளைகள் முட்டை, மீன், பருப்பு எல்லாம் உண்கிறார்கள். பெரிபெரி அச்சம் இல்லை. ஆகவே, நாளைமுதல் வெள்ளை அரிசியை விலக்குங்கள் என்று பெற்றோரை நான் வற்புறுத்தவில்லை. ஆனால், புழுங்கலரிசியைத் 'தோட்டத்து ஆள் அரிசி' என்றும் 'நீரிழிவுக்காரர் அரிசி' என்றும் முகம் சுளிப்பதை விட்டுவிடலாமே! பிள்ளைகள் அந்தச் சுளிப்பையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறார்கள்.

ஆசிரியர்களுக்கு ஓர் எளிய நடவடிக்கை. இருவகை அரிசியிலும் ஒவ்வொரு பிடி எடுத்து, கறுப்புத் தாளின்மேல் பரப்பி, கைவிளக்கொளியில் மாணவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சரிசி மணிகள் சிலவற்றின் நடுவில் சுண்ணாம்பு போன்ற வெண்மை தெரியும். புழுங்கலரிசி கண்ணாடிபோல் மஞ்சள் சாயலில் இருக்கும். ஏன் இந்த வேறுபாடு என்று அவர்களே கேட்பார்கள். அப்போது நெகிரி செம்பிலான் சாலைத் தொழிலாளர்களின் கதையைத் தொடங்கலாம்.