நடக்கறதை நிறுத்தச் சொல்லாதீங்க!

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. இன்னைக்குக் கொஞ்சம் கோவத்தோட வந்திருக்கேன், பொறுத்துக்கோங்க.

எங்க மாமாவுக்கு 71 வயசு. மில்லுல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். காலைல அஞ்சரைக்கெல்லாம் திருச்சி ரோட்டைத் தாண்டி சூலூர் குளத்தங்கரைக்குப் போயிடுவார். கூட்டாளிங்க நாலு பேர், ஒரு மணி நேர நடை, வர்ற வழியில ஒரு டீ. "வூட்லயே உக்காந்துட்டா காலு வெளங்காமப் போயிரும் மாப்ள"ன்னு என்னைப் பார்க்கறப்பல்லாம் சொல்லுவார். நான் தொப்பையைத் தடவிட்டுச் சிரிப்பேன்.

2023-ல ஒரு நாள், அதே ரோட்டைத் தாண்டறப்ப ஒரு கார் அடிச்சிடுச்சு. தொடை எலும்பு முறிவு. ஆபரேஷன், பிளேட், மூணு மாசம் படுக்கை.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவங்க எல்லாரும் ஒரே வசனம்தான் பேசினாங்க: "இந்த வயசுல எதுக்குங்க நடையெல்லாம்? வூட்ல கம்முனு இருந்திருக்கலாமல்லோ?"

எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. வேகமா வந்தது கார். குத்தம் நடந்தவர் மேலயா? 65 வயசுக்கு மேல ஆனவங்களும் வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம் உடம்பை அசைக்கணும், கீழே விழாம இருக்க சமநிலைப் பயிற்சியும் செய்யணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. நாம என்னடான்னா ரோட்டைச் சரி பண்ணச் சொல்லாம, பெருசுங்களை வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டச் சொல்றோம்.

சரி, கதைக்கு வர்றேன். கார் ஓட்டின பையன் நல்லவனாட்டம்தான் இருந்தான். "ஆஸ்பத்திரிச் செலவு நான் பாத்துக்கறனுங்க, கேஸ் மட்டும் வேண்டாமுங்க"ன்னான். மாமாவும் "சின்னப் பையன், பாவம், போச்சாது உடு மாப்ள"ன்னுட்டார். முதல் பில்லைக் கட்டினான். ரெண்டாவது மாசத்துல இருந்து போனை எடுக்கலை.

இங்கதான் நம்ம ஆளுங்க பலருக்கும் ஒரு விஷயம் புரியறதில்லை. இழப்பீட்டை அந்தப் பையன் தன் பாக்கெட்டுல இருந்து தர வேண்டியதில்லைங்க. காருக்கு இன்சூரன்ஸ் இருந்தா கம்பெனிதான் தரும். மூணாம் நபர் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கி வெச்சிருக்கறதே இதுக்குத்தான். "பாவம்"னு நாம விட்டுக்கொடுக்கறது பையனுக்கு இல்லை, கம்பெனிக்கு.

அப்புறம் ஒரு ஏஜென்ட் வந்தார். "வர்ற பணத்துல எனக்கு இவ்வளவு"ன்னு பேரம். கிடைக்கற தொகையில பங்கு பேசி வழக்கு எடுக்கறது, வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. ஏஜென்ட்டுக்குக் கேக்கவே வேண்டாம். அனுப்பி வெச்சோம்.

கடைசியில போனது கோவை கோர்ட் வளாகத்துல இருக்கற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு. 1987-ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காம இலவசமா வக்கீல் தருவாங்க. வேற சில பிரிவினர் தவிர, மத்தவங்களுக்கு வருமான வரம்பு இருக்கு. மாமாவோட மில் பென்ஷன் சொற்பம்ங்கறதால அதுக்குள்ள வந்துட்டார். போன்ல கேக்கணும்னா 15100.

அங்கே நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன். (நான் வக்கீல் இல்லை, ஏதாச்சும் தப்பு இருந்தா விஷயம் தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல திருத்துங்க.)

2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினாங்க. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ள தீர்ப்பாயத்துல மனு போடணும்னு ஆயிடுச்சு. இந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் போய், தாமதம்ங்கற காரணத்துக்காக மனுக்களைத் தள்ள வேண்டாம்னு உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர்ல இடைக்கால உத்தரவு போட்டது. அதை நம்பி உக்காந்துடாதீங்க. நாங்க அஞ்சாவது மாசம் அலறியடிச்சுக்கிட்டு ஓடினோம். எஃப்.ஐ.ஆர். லேட்டாத்தான் போட்டோம். அது மட்டுமே காரணமா கோரிக்கையைத் தள்ளக் கூடாதுன்னு 2011-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. விபத்து வெளியூர்ல நடந்திருந்தாலும், நீங்க குடியிருக்கற ஊருக்கான தீர்ப்பாயத்துலயே மனு போடலாம்.

இப்போ என் முக்கியமான ஆதங்கம். சொந்தக்காரர் ஒருத்தர் சொன்னார், "வயசானவருக்கு என்னப்பா பெருசாக் குடுத்துருவாங்க?" இதுல பாதி உண்மை இருக்கு. வருமான இழப்பைக் கணக்குப் போட ஒரு பெருக்கல் எண் உண்டு. சரளா வர்மா வழக்குல 2009-ல உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணை அது. 31 முதல் 35 வயசு வரைக்கும் 16. 65-க்கு மேல போனா 5. அதாவது வருஷத்துக்கு ஒரு லட்சம் வருமானம் போச்சுன்னா, இளவட்டத்துக்குப் பதினாறு லட்சம், மாமா வயசுக்காரருக்கு அஞ்சு லட்சம். சம்பளமே இல்லாதவருக்கு இந்தத் தலைப்புல என்ன வரும்னு நீங்களே பார்த்துக்கங்க.

ஆனா வருமானம் ஒரு தலைப்புதாங்க. ராஜ்குமார் வழக்குல 2010-ல சொன்ன கணக்குப்படி, காயம்பட்டவருக்கு வைத்தியச் செலவு, இனி ஆகப்போற வைத்தியச் செலவு, வலி வேதனை, வாழ்க்கையோட சுகங்களை இழந்தது எல்லாத்துக்கும் தனித்தனியா கேக்கலாம். மாமா இழந்தது அந்தக் குளத்தங்கரை நடையைத்தானே? அது "ஒண்ணும் இல்லை"யா?

வக்கீலம்மா அதைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. "தினமும் நடந்தவர்னு சொல்ல ஆள் இருக்காங்களா?"ன்னு கேட்டாங்க. கூட்டாளிங்க நாலு பேரும் சாட்சி சொல்லத் தயாராயிட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, எந்த நடைக்காக எல்லாரும் திட்டினாங்களோ, அதுவே அவர் பக்கத்து ஆதாரம் ஆயிடுச்சு!

அதனால, விபத்துன்னா ஆஸ்பத்திரியில போடற ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, பிசியோதெரபி வரைக்கும் எல்லா பில்லு, மெடிக்கல் போர்டு சான்றிதழ் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க. வெத்துப் பேப்பர்ல யாரும் கையெழுத்து போட வேண்டாம்.

கேஸ் இன்னும் நடக்குது. என்ன வரும்னு தெரியலை. ஆனா பிசியோதெரபி முடிஞ்சு மாமா கைத்தடியோட எந்திரிச்சுட்டார். அத்தைதான் "இனி வாசப்படி தாண்டக்கூடாது"ன்னு பயந்து அழுதாங்க. அந்தப் பயத்தைக் குத்தம் சொல்ல மாட்டேன். அதனால ஒரு ஏற்பாடு: காலைல நான் போய் மாமாவைக் கூட்டிக்கிட்டு ரோட்டைத் தாண்டி விடறேன். முன்ன ஒரு மணி நேரம் நடந்த மனுசன் இப்போ இருபது நிமிஷம் நடக்கறார். எனக்கும் தொப்பை கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

நேத்து ரோட்டைத் தாண்டறப்ப ஒரு கார்க்காரர் நின்னு கையைக் காட்டி "போங்க தாத்தா"ன்னார். மாமா தடியைத் தூக்கி ஒரு சல்யூட் வெச்சார் பாருங்க.

உங்க வீட்டுப் பெரியவங்க நடக்கட்டும். முடிஞ்சா நீங்களும் கூடப் போங்க.