எழுத்துக்கு இடம் விடுவோம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி ஒருத்தி

சென்ற பருவத்தில் எங்கள் துறையின் சுவர் இதழ் வெளிவந்தபோது, பார்த்தவர்கள் அனைவரும் "மிக அழகாக இருக்கிறது" என்றார்கள். படித்தவர்கள் எத்தனை பேர் என்று பிறகு விசாரித்துப் பார்த்தேன். எழுதியவர்கள் ஐவர், பிழை திருத்திய பேராசிரியர் ஒருவர். ஆக, அறுவர்! மற்றவர்கள் பார்த்தார்கள், பாராட்டினார்கள், போய்விட்டார்கள். பார்ப்பதற்கென்று ஒரு பக்கம், படிப்பதற்கென்று ஒரு பக்கம் என்று இரண்டு வகை உண்டா என்ன?

அந்த இதழை வடிவமைத்தவள் நானே. ஆகவே பிறரைக் குறை கூறும் எண்ணத்தோடு இதை எழுதவில்லை. நான் செய்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். இளம்பச்சை நிறத்தில் நான்கு சார்ட் தாள்கள். ஓரமெல்லாம் கொடியும் பூவும். தலைப்புகளுக்கு நிழல் விழுந்த எழுத்துகள். கட்டுரைக்கு ஒரு நிறமாக ஐந்து ஸ்கெட்ச் பேனாக்கள். என் கட்டுரைக்கு ஆரஞ்சு. எல்லாருடைய எழுத்தும் இடம்பெற வேண்டுமே என்று வரிகளை நெருக்கி எழுதினேன். எழுதி முடித்த பின்பு ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்கு இடம் மிஞ்சியது. இடம் வீணாகலாமா? அங்கே ஓர் அணுவின் படத்தை வரைந்து அடைத்தேன்.

பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்காக அம்மா கல்லூரிக்கு வந்தார். திண்டிவனத்தை அடுத்த எங்கள் ஊரிலிருந்து விழுப்புரம் வர இரண்டு பேருந்து மாற வேண்டும். அன்று ஒரு நாள் மணிலா பறிக்கும் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான்தான் முதல். பட்டம் என்றால் எங்கள் வீட்டில் இதுவரை ஆடிப்பட்டம் ஒன்றுதான்!

"இதோ, நான் எழுதியது" என்று சுவர் இதழின் முன் அம்மாவை நிறுத்தினேன். அம்மா கிட்டே போனார். பிறகு பின்னுக்கு வந்தார். கண்ணைச் சுருக்கினார். விரலை நீட்டி ஒரு வரியைத் தொட்டு நகர்த்திக்கொண்டே போய், பாதியில் விரல் அடுத்த வரிக்கு நழுவியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மூன்றாம் முறை என் பக்கம் திரும்பி, "நல்லாத்தான் இருக்கு கண்ணு. எது மொத வரி, எது அடுத்த வரின்னுதான் புடிபடல. வூட்ல வந்து நீயே படிச்சுக் காட்டு" என்றார்.

நானே போய்ப் படித்துக் காட்டுவதற்கா எழுதினேன்? நான் அருகில் இல்லாதபோதும் என் சொல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தானே எழுத்து? அன்றிலிருந்து எந்தப் பக்கத்தைக் கண்டாலும் அம்மாவின் விரலை அதன்மீது வைத்துப் பார்க்கிறேன்.

நன்றாகப் படிக்கப் பழகியவர் எவ்வளவு மோசமான பக்கத்தையும் தாண்டிப் போய்விடுவார். சொல்லின் பாதியைக் கண்டாலே மீதியை ஊகித்துக்கொள்வார். எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பவருக்கு அந்த வசதி இல்லை. பக்கத்தின் ஒவ்வொரு குறையும் அவர் காலில்தான் முள்ளாகக் குத்தும். எனவே ஒரு பக்கம் நன்றாக அமைந்திருக்கிறதா என்று கேட்டால், மெதுவாகப் படிக்கிறவரைக் கொண்டுதான் அதை அளக்க வேண்டும் என்பது என் கருத்து. நம் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அப்படிப்பட்டவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் தமிழில் எல்லாப் பக்கமும் அப்படித்தான் இருந்தது. ஓலைச் சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, பத்தி இல்லை. எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட இடமாட்டார்கள் என்பர். செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் பல இடங்களில் புலப்படாது. ஆசிரியரிடம் இருந்து பாடம் கேட்டவருக்கே ஏடு வசப்படும். டாக்டர் உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது செய்த பெருந்தொண்டு, ஏடுகளைத் தேடியதும் பாடம் ஒப்பிட்டதும் மட்டுமல்ல. மூலத்தைத் தனியாகவும் உரையைத் தனியாகவும் பிரித்து, குறிப்பும் அகராதியும் சேர்த்துக் கொடுத்தாரே, அதுவும்தான். அவருக்கு முன்பே யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் உரைநடையில் நிறுத்தக்குறிகளை இட்டு, மூச்சு விடும் இடத்தைக் கண்ணுக்குக் காட்டினார். ஒரு காற்புள்ளிக்கு எத்தனை பேரைப் படிப்பாளிகள் ஆக்கும் வல்லமை இருக்கிறது பாருங்கள்!

அச்சு வந்த பிறகும் இடத்தின் தொல்லை தீரவில்லை. செர்மனி நாட்டின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. அவை அளவில் பெரியவை. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் கையிருப்புத் தாள் போதாது. ஆகவே சீகன்பால்குவும் அவருடன் இருந்தவர்களும் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1715இல் நூல் நிறைவெய்தியது. தாளுக்காகக் கண்ணைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். கடல் கடந்து தாள் வரவேண்டியிருந்த நாளில் அதற்கு நியாயம் உண்டு. கடைத்தெருவில் சார்ட் தாள் சில ரூபாய்க்குக் கிடைக்கும் நாளில் வரிகளை நெருக்கிய எனக்கு என்ன நியாயம்?

எழுத்தின் வடிவத்தையே எளிதாக்கியவர்களும் உண்டு. எங்கள் தாத்தா வைத்திருந்த பழைய புத்தகம் ஒன்றில் 'லை' என்ற எழுத்து யானை துதிக்கையைத் தூக்கியதுபோல இருக்கும். 'றா', 'னா' போன்றவையும் வேறு உருவில் இருக்கும். பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் இவற்றை மாற்றி அச்சிடத் தொடங்கினார். 1978இல் தமிழக அரசு அந்த மாற்றங்களை ஏற்று ஆணையிட்டது. 13 எழுத்துகளின் விதிவிலக்கான உருவங்கள் போயின. புதிதாகப் படிக்க வருகிற பிள்ளைக்கு அத்தனை சுமை குறைந்தது. அதே எண்ணத்தைப் பக்கத்திற்கும் கொண்டுவர வேண்டும் என்பதே என் விருப்பம்.

இயற்பியல் மாணவி என்பதால் அளந்தும் பார்த்தேன். கண் மருத்துவர் சுவரில் மாட்டும் எழுத்து அட்டையை 1862இல் அமைத்தவர் ஸ்நெல்லன் என்ற டச்சு மருத்துவர். குறையில்லாத கண், 5 பாகைத்துளி அளவு கோணத்தில் தெரியும் எழுத்தை அடையாளம் கண்டுகொள்ளும் என்பது அந்த அட்டையின் கணக்கு. 6 மீட்டர் தூரத்தில் அந்த எழுத்தின் உயரம் சுமார் 8.7 மில்லிமீட்டர், 2 மீட்டரில் சுமார் 3 மில்லிமீட்டர். அம்மா நின்றது ஏறத்தாழ 2 மீட்டரில். நான் எழுதிய எழுத்தின் உயரம் 4 மில்லிமீட்டர். கணக்குப்படி நான் தேர்ச்சி பெற்றவள்தான்! ஆனால் அந்த அட்டையின் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தில் மூன்று கோடுகள், நடுவே இரண்டு இடைவெளிகள். மொத்தம் ஐந்தே பங்கு. நம் 'ண'வை இடமிருந்து வலமாக எண்ணிப் பாருங்கள். சுழிகளும் கோடுகளும் இடைவெளிகளுமாக ஐந்துக்குள் அடங்காது. ஆங்கிலத்துக்குப் போதுமான உயரம் தமிழுக்குப் போதாது என்பது இதிலிருந்தே தெரிகிறது. மேலும் அந்தக் கணக்கு, தெரிகிறதா இல்லையா என்ற எல்லைக்கோடு. சிரமமின்றிப் படிக்க அதைப்போல இரண்டு, மூன்று மடங்காவது வேண்டும்.

வரிகளின் இடைவெளியிலும் தமிழுக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. 'தீ', 'மீ' என்றால் தலைக்கு மேலே ஒரு சுழி. 'து', 'கூ' என்றால் காலுக்குக் கீழே ஒரு வளைவு. மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையை மிதித்தால் விரல் வைத்துப் படிப்பவருக்கு வழி தவறத்தான் செய்யும். அம்மாவின் விரல் நழுவிய இடத்தைப் பிறகு போய்ப் பார்த்தேன். மேலே ஒரு 'து', அதன் அடியிலேயே ஒரு 'டீ'. இரண்டும் ஒட்டிக்கொண்டு புதியதோர் எழுத்தாகவே ஆகியிருந்தன.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திரையில் படிக்கும் பக்கங்களுக்கென 2008இல் வெளியான உலக அளவிலான நெறிமுறை ஒன்றில், எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது நான்கரைக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று உள்ளது. தூய வெள்ளையில் தூய கறுப்பு என்றால் 21க்கு ஒன்று. இளம்பச்சையில் என் ஆரஞ்சு, அந்த நான்கரையில் பாதியைத் தொட்டிருந்தாலே அதிசயம். நாற்பதைக் கடந்தவர்களுக்கு வரும் பார்வைக் குறையை நம் மக்கள் வெள்ளெழுத்து என்கிறார்கள். நானோ எழுதும்போதே வெள்ளெழுத்தாக எழுதியிருக்கிறேன்!

தோழியர் ஒரு கேள்வி கேட்டார்கள். "அலங்காரம் இல்லாவிட்டால் யாரடி நின்று பார்ப்பார்கள்?" கேள்வியில் உண்மை இருக்கிறது, நின்றால்தானே படிப்பார்கள்? அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோலத்தை வாசலில் போடுகிறோம். சாப்பாட்டு இலையின்மேல் போடுவதில்லை. தலைப்பு வாசல், அங்கே நிறமும் சித்திரமும் இருக்கட்டும். கட்டுரைக்குள் வந்தவரைப் பூவும் கொடியும் பின்தொடர வேண்டாம்.

இந்த வித்தை நம்மூருக்குப் புதிதும் அல்ல. விழுப்புரம் பேருந்து நிலையத்தில், பெயின்டர் கையால் எழுதிய பழைய பலகை மாட்டிய பேருந்து வந்தால் பாருங்கள். நடுவில் கொட்டை எழுத்தில் திண்டிவனம். கீழே சிறிய எழுத்தில் விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு. எது முதலில் தெரிய வேண்டும், எது பிறகு தெரிந்தால் போதும் என்று அந்த பெயின்டர் முடிவு செய்திருக்கிறார். எந்த ஓவியக் கல்லூரியிலும் அவர் படித்திருக்கத் தேவையில்லை. இப்போதைய மின்பலகைகளில் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கிறது. கூட்டிப் படிப்பவர் 'திண்டி'க்கு வரும்போது 'வனம்' மறைந்துவிடுகிறது. "இது திண்டிவனம் போவுமா?" என்று கேட்கும் பாட்டியைப் படிக்காதவர் என்று எண்ணிவிடுகிறோம். அவர் படிக்கத் தெரிந்தவராகவே இருக்கலாம், பலகைதான் நிற்கவில்லை. சாலையோரப் பதாகைகளைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. முகங்கள் ஆளுயரம், நாளும் இடமும் சுண்டுவிரல் நகம் அளவு. கைப்பேசியில் நாம் செய்து அனுப்பும் வாழ்த்துகளும் அழைப்புகளும் அவற்றின் பிள்ளைகளே.

இரண்டாம் இதழுக்கு வெள்ளைத் தாள் எடுத்தேன், கறுப்பு மை. தலைப்புக்கு மட்டும் ஒரே ஒரு நிறம். நாற்புறமும் மூன்று விரற்கடை ஓரம். இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு எழுத்தின் உயரத்துக்குக் குறையாத இடைவெளி. இதெல்லாம் எளிதாக முடிந்தது. ஆனால் முன்பு ஐந்து படைப்புகள் இருந்த இடத்தில் இப்போது மூன்றுதான் கொள்ளும். யாரை விடுவது? இடம் விடுவதென்றால் எதையோ விட வேண்டும் என்ற உண்மை அப்போதுதான் உறைத்தது. என் கட்டுரையைப் பாதியாக வெட்டினேன். தோழி ஒருத்தியின் கவிதையை அடுத்த இதழுக்குத் தள்ளினேன். அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவள் கோபம் நியாயமே. எழுத வாய்ப்புக் கிடைப்பதே அரிதான எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு இதழ் தள்ளிப்போவது சிறிய இழப்பு அல்ல. ஆனாலும் யாராலும் படிக்க முடியாத பக்கத்தில் அவள் கவிதை வந்திருந்தால் மட்டும் அவளுக்கு நான் நீதி செய்தவள் ஆவேனா? இதற்கு முழுமையான விடை இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. இதழை மாதம் இருமுறை வெளியிட அனுமதி கேட்டிருக்கிறோம்.

ஒட்டுவதற்கு முதல் நாள் இரவு தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று சுவரில் சாய்த்து வைத்தேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து கை துடைத்துக்கொண்டே நின்றார். விரல் எழவில்லை. உதடு மட்டும் அசைந்தது. இரண்டாம் பத்தியின் நடுவில் நிறுத்தி, "யாருடி இந்த ஸ்நெல்லன்?" என்று கேட்டார்.

இந்த ஆண்டு மலரில் என் கட்டுரைக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருப்பதாக ஆசிரியர் குழுவினர் சொன்னார்கள். படம் வேண்டாம், ஓரத்தில் பூ வேண்டாம், நான்கு பக்கமாகக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன செய்திருக்கிறார்கள் என்பதை இப்போது நீங்களே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.