செய்தி கேட்கிறது, படம் கேட்கவில்லை

மூன்று மாதமாக எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவை என் மனைவியின் இரண்டு காதுகள். போன வாரம் தீர்ப்பு வந்தது. இரண்டும் நிரபராதி. வழக்குப் போட்டவர்கள் யாரும் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அதில் முதல் ஆள் நான்தான், அதனால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். பிறகு மற்றவர்களைக் கவனிக்கிறேன்.

ஹாலில் ஒரு பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் கோடி என்று ஒரு மென்பொருள். பெயர்தான் கோடி, காசு கிடையாது, இலவசம். சேர்த்து வைத்திருக்கும் படம், பாட்டு எல்லாம் அதில்தான் ஓடும். படம் எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக டிவிக்குப் போகும். சத்தத்தை மட்டும் கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கும் பச்சை ஓட்டையிலிருந்து எடுத்து என் பழைய ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்கு இரண்டு பெட்டி ஸ்பீக்கர். இன்றைய மெல்லிசான டிவிகளின் சத்தம் எனக்குத் தகர டப்பாவைத் தட்டுவது போலத்தான் இருக்கிறது.

மே மாதம் முடிந்த கையோடு பிரச்னை ஆரம்பித்தது. "என்னங்க, பாட்டு காதைக் கிழிக்குது, பேசுறது ஒண்ணும் கேக்கல" என்றாள். சத்தத்தைக் கூட்டினால் சண்டைக் காட்சியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குறைத்தால் கதாநாயகி கிணற்றுக்குள்ளிருந்து பேசினாள். "உனக்கு வயசாச்சு" என்றேன். உண்மையில் எனக்கும் சரியாகக் கேட்கவில்லை. முப்பது வருஷம் பிரஸ் ஷாப் சத்தத்தில் நின்றவன், என் காதும் போயிருக்கும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அவள்மேல் பழியைப் போடுவது சுலபமாக இருந்தது.

சர்வீஸுக்குச் சொன்னோம். ஒரு தம்பி வந்தார். ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தார். "சவுண்ட் செக்‌ஷன் போயிருக்கு சார். மதர்போர்டு மாத்தணும். இந்த மாடலுக்கு இப்ப போர்டு வராது. பேசாம சவுண்ட்பார் ஒண்ணு வாங்கிடுங்க." போகும்போது தாழ்ந்த குரலில், "அம்மாவுக்கும் வயசாயிடுச்சில்ல சார், ஒருதடவை காதைக் காட்டிடுங்க" என்றார். மொத்தம் ஆறு நிமிஷம்.

காட்டினோம். காஞ்சிபுரத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய், கண்ணாடி அறையில் உட்காரவைத்து, பீப் சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தும் பரிசோதனை எல்லாம் செய்தோம். வயதுக்கு ஏற்ற அளவில் இருக்கிறது, மிஷின் எதுவும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் அதற்குள் மூன்று மாதம் போய்விட்டது. அவள் ஹாலில் எங்களோடு உட்கார்ந்து படம் பார்ப்பதை விட்டுவிட்டாள். போனில் மகள் பேசும்போதுகூட "இரு, அப்பாகிட்ட குடுக்குறேன்" என்று நகர ஆரம்பித்துவிட்டாள். ஒரு மனுஷியைச் செவிடு என்று எல்லாரும் சேர்ந்து சொன்னால் அவளும் நம்பிவிடுகிறாள். எனக்கு உறைத்தது அங்கேதான்.

டாக்டரிடமிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள்: "நியூஸ் நல்லாத்தான் கேக்குது. படம்தான் கேக்கல."

காதுக்கு அப்படிப் பாரபட்சம் உண்டா? செய்திக்கு ஒரு காது, சினிமாவுக்கு ஒரு காதா? மெயின்டனன்ஸில் இருந்தவன் இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து செட்டிங்ஸைத் திறந்தேன். ஆடியோ பகுதியில் சேனல் எண்ணிக்கை 5.1 என்று இருந்தது. விண்டோஸ் ஸ்பீக்கர் அமைப்பிலும் அதே. கோடை விடுமுறைக்கு வந்த பேரன், "பெரிய நம்பர்னா நல்ல சத்தம் தாத்தா" என்று மாற்றிவிட்டுப் போயிருக்கிறான். விஷயம் இதுதான். 5.1 ஒலியில் ஆறு தடங்கள் உண்டு: முன் இடது, முன் வலது, நடு, பின்னால் இரண்டு, அடித்தொண்டைச் சத்தத்துக்கு ஒன்று. சினிமாவில் பேச்சு பெரும்பாலும் நடுத் தடத்தில்தான் வரும். கம்ப்யூட்டரின் பச்சை ஓட்டையில் முன் இடதும் வலதும் மட்டும் வரும். நடுத் தடம் பக்கத்திலிருக்கும் ஆரஞ்சு ஓட்டையில் வரும். அதில் நான் எதையும் செருகவில்லை. ஆக மூன்று மாதமாக வசனமெல்லாம் ஆரஞ்சு ஓட்டை வழியாகச் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. செய்தியும் பழைய பாட்டும் இரண்டு தடம் மட்டுமே உள்ளவை, அதனால் அவை ஒழுங்காக வந்தன. இரண்டு இடத்திலும் 2.0 என்று மாற்றினேன். ஆறு தடத்தையும் இரண்டில் கலந்து கொடுக்க ஆரம்பித்தது. அன்று இரவு அவள் முழுப் படமும் பார்த்தாள்.

செலவு பூஜ்யம். நேரம் இரண்டு நிமிஷம்.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன். நான் வேலை பார்த்தது இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில். அங்கே ஒரு சென்சார் போய் லைன் நின்றது என்றால், "சென்சார் மாற்றப்பட்டது" என்று மட்டும் ரிப்போர்ட் எழுத முடியாது. தாள் திரும்பி வரும். ஏன் போனது? கூலன்ட் சொட்டியது. ஏன் சொட்டியது? சீல் தேய்ந்திருந்தது. ஏன் முன்பே தெரியவில்லை? செக்லிஸ்டில் அந்த வரியே இல்லை. இப்படி ஐந்து முறை "ஏன்" கேட்கும் பழக்கம் ஜப்பானில் டொயோட்டாவில் வளர்ந்து உலகத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் வந்தது. நம் சிப்காட்டில் படித்தவன் படிக்காதவன் எல்லாருக்கும் அது அத்துப்படி.

அதே ஆட்கள் கேட்டுக்கு வெளியே வந்ததும் ஒரு "ஏன்" கூடக் கேட்பதில்லை. போர்டு போச்சு, புதுசு வாங்கு. காம்பவுண்டு சுவருக்கு உள்ளே ஒரு நியாயம், வெளியே ஒரு நியாயம். உள்ளே நின்றால் நஷ்டம் கம்பெனிக்கு. வெளியே நின்றால் நஷ்டம் நமக்கு. அதுதான் வித்தியாசம்.

1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வருகிறது. 2006-இல் நோக்கியா வந்து 2014 நவம்பரில் மூடிவிட்டுப் போனது. 2007 முதல் சாம்சங் ஆலை ஓடுகிறது, டிவியும் அதில் தயாராகிறது. ஒரகடம் பக்கம் லாரியும் காரும். இவர்கள் யாரும் என் கம்ப்யூட்டரைச் செய்யவில்லை, இவர்களோடு எனக்கு வழக்கும் இல்லை. உலகத்துக்கே பொருள் செய்து அனுப்பும் நாற்பது கிலோமீட்டரில் ஒரு ஸ்பீக்கர் செட்டிங்கைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். லைனில் ஒருவருக்கு ஒரு ஸ்க்ரூ. முழுப் பொருளும் எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?

வந்த தம்பியை நான் திட்டவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று அவருக்குக் கணக்கு. "ஒன்றும் போகவில்லை, செட்டிங்தான்" என்று சொன்னால் அவர் கம்பெனிக்கு வருமானம் இல்லை. போர்டு விற்றால் உண்டு. கண்டுபிடிப்பதற்குக் கூலி கொடுக்காமல் மாற்றுவதற்கு மட்டும் கூலி கொடுத்தால் எவன் கண்டுபிடிப்பான்? இன்றைய போர்டுகளைப் பிரித்துப் பார்க்க முடியாது, ஆள் கூலியைவிடப் புதுப் பொருள் மலிவு என்பார்கள். சில சமயம் அது உண்மைதான். ஆனால் போர்டு போனதா என்று தெரிந்துகொண்ட பிறகு பேச வேண்டிய பேச்சு அது.

மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது. கையேடு, உதிரிபாக விவரம் எல்லாம் மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல காரியம். ஆனால் இணையதளம் வேறு, கட்டாயம் வேறு. மின்னணுக் கழிவுக்குப் புது விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. குப்பையான பிறகு யார் அள்ளுவது என்பதற்கு விதி இருக்கிறது. குப்பையாகாமல் காப்பதற்கு அதே அழுத்தத்தில் விதி வேண்டாமா? ராமானுஜர் பிறந்த ஊர் இது. ரகசியமாகக் காக்கச் சொன்ன மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி ஊருக்கெல்லாம் சொன்னார் என்பார்கள். இங்கே ஒரு சர்வீஸ் கையேடு கேட்டால் தரமாட்டேன் என்கிறார்கள்.

அதுவரை நாமாவது கேட்போம். சத்தம் வரவில்லையா? எல்லாவற்றிலும் வரவில்லையா, ஒன்றில் மட்டுமா என்று பாருங்கள். எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகியதும் கம்ப்யூட்டர் சத்தத்தைத் தானாக டிவிக்குத் திருப்பியிருக்கலாம், வெளியீட்டுக் கருவி எது என்று பாருங்கள். 'பாஸ்த்ரூ' என்ற வசதி ஆனில் இருந்து, டிவிக்கு அந்த வகை ஒலி புரியாவிட்டால் சுத்தமாக ஊமையாகிவிடும், அணைத்துப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரில் உங்கள் செல்போனைச் செருகிப் பாருங்கள், அது பாடினால் ஆம்ப்ளிஃபயர் குற்றவாளி இல்லை. கடைசியில் சேனல் எண்ணிக்கை. இத்தனையும் பார்த்த பிறகு சர்வீஸைக் கூப்பிடுங்கள். வருபவரிடம் "ஏன்" என்று ஒரு தடவையாவது கேளுங்கள்.

அதற்கு முன்னால் வீட்டில் இருப்பவர் சொல்வதைக் கேளுங்கள். என் மனைவி முதல் நாளே சரியாகத்தான் சொன்னாள்: பாட்டு கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை. அதைவிடத் துல்லியமாக ஒரு இன்ஜினியர்கூடக் கோளாறைச் சொல்ல முடியாது. காது கேட்காமல் இருந்தது எனக்குத்தான்.