பழையதும் இருக்கட்டும்

புது மடிக்கணினியில் லினக்ஸ் ஓடியது. ஒலி மட்டும் வரவில்லை. விடிவதற்குள் ஒரு பேட்டிப் பதிவைக் கேட்டு மொழிபெயர்த்தாக வேண்டும். பழுது கருவியில் இல்லை. 1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கெர்னலுக்குள்தான் பெரும்பாலான டிரைவர்கள் குடியிருக்கின்றன. என் கெர்னல் பழையது. ஒலிச் சில்லு அதற்குப் பின் பிறந்தது. அறிமுகமில்லாதவர்களிடையே பேச்சு எப்படி நடக்கும்?

கெர்னலை மாற்றுவது, முதல் தடவை, இதய அறுவை சிகிச்சையாகவே தோன்றும். கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுத்த பிறகே கைவைத்தேன். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு, புது வன்பொருளுக்கென்றே தனிக் கெர்னல் வரிசை உண்டு. அது பழையதைத் துரத்துவதில்லை. பக்கத்தில் வந்து அமர்கிறது. தகராறு செய்தால், கணினி தொடங்கும்போது கிரப் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுத்துத் தப்பிக்கலாம்.

மறுதொடக்கம். பேட்டியளித்தவர் பேசினார். பழைய கெர்னலை மட்டும் உடனே அழிக்கவில்லை. நீங்களும் அவசரப்படாதீர்கள்.